ஃபோம் கவசம்: தோள் இணைப்பு பிளக்கிறது

கேள்வி: 10 மி.மீ. ஈவிஏ ஃபோமில் (ரப்பர் போல வளையும் நுரைத் தாள்) விண்வெளி வீரர் வேஷத்துக்கு மார்புக் கவசம் செய்கிறேன். ரப்பர் பசை போட்டும் தோள் இணைப்பு பிளக்கிறது, பெயின்டும் வெடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: வெட்டு விளிம்பை முதலில் உப்புத்தாளால் தேயுங்க ப்ரோ. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்க. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். சென்னைக் காற்றின் ஈரம் அதில் படிந்தால் பிடிப்பு போச்சு. மழை நாளில் ஒட்டவே வேண்டாம்.

பதில் 2: பசை மட்டும் காரணமில்லை. கை தூக்கும்போது முழு இழுப்பும் அந்த இணைப்பில்தான் விழுகிறது. தோளைத் தனித் துண்டாக்கி, 1 அங்குல எலாஸ்டிக்கில் தொங்கவிடுங்க. பெயின்டுக்கு முன் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) மேற்பரப்பு லேசாக மினுங்கும்வரை சூடாக்கி, வளையக்கூடிய ரப்பர் பூச்சு 3 கோட்டிங்.

பதில் 3: ஹெல்மெட் உண்டா? சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 5 வோல்ட் சின்ன ஃபேன் வாங்கி, உள்ளே புழுங்காமலிருக்க காற்றை வெளியே தள்ளும்படி வையுங்க.