பெஞ்சமினின் தேவதூதன்: கபாலா முன்னேற்றத்துக்கு எதிரியா?

வழிப்போக்கன்:
ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1940-ல வரலாறு பத்தி எழுதின குறிப்புகளை மறுபடி படிச்சேன். ஓவியர் பால் க்ளே வரைஞ்ச தேவதூதனை வெச்சு ஒண்ணு சொல்றார். நமக்கு வரிசையா நடந்த சம்பவங்களாத் தெரியறது, அவனுக்கு ஒரே பேரழிவு. செத்தவங்களை எழுப்பணும், உடைஞ்சதை ஒட்டவைக்கணும்னு அவனுக்கு ஆசை. ஆனா சொர்க்கத்துலேருந்து வீசற புயல் அவனைத் தள்ளிக்கிட்டே போகுது. அந்தப் புயலுக்குப் பேர்தான் முன்னேற்றமாம். இது அப்படியே கபாலா, அதான் யூதங்களோட மறைஞானம். கபாலா குரு லூரியா சொன்ன உடைஞ்ச பாத்திரங்கள் ஞாபகம் வரலையா?

கணக்கன்:
ஞாபகம் வருது, அதனாலதான் இடிக்குது. 16-ம் நூற்றாண்டுல இப்ப இஸ்ரேல்ல இருக்கற சஃபேத் ஊர்ல லூரியா சொன்னது என்ன? தெய்வ ஒளியைத் தாங்காம பாத்திரங்கள் நொறுங்கி, பொறிகள் சிதறிடுச்சு. கட்டளையும் ஜெபமுமா ஒவ்வொரு யூதனும் அதைப் பொறுக்கிச் சேர்க்கணும். சேர்த்து முடிச்சா மேசியாங்கற மீட்பர் வருவார். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கடைசியில விடிவு. இது முன்னேற்றக் கதை இல்லாம வேற என்ன சார்?

செவ்வந்தி:
பெரியம்மை ஒழிஞ்சதுன்னு 1980-ல அறிவிச்சாங்க. அதுவும் பேரழிவுதானா?

வழிப்போக்கன்:
செவ்வந்தி, அதை பெஞ்சமின் மறுக்கவே இல்ல. மனுஷனோட அறிவும் திறமையும் வளர்றது வேற, மனுஷ குலமே வளருதுங்கறது வேறன்னு 13-வது குறிப்புல பிரிச்சுட்டார். அவர் கோபமெல்லாம் ஜெர்மன் சோஷல் டெமாக்ரட்டுகள்ங்கற தொழிலாளர் கட்சி மேல. ஆத்தோட போக்குலதான் நீந்தறோம்ங்கற நினைப்பு கெடுத்த அளவுக்கு அந்த ஊர்த் தொழிலாளிகளை வேற எதுவும் கெடுக்கலைங்கறார்.

கணக்கன், தேவதூதனால ஒட்டவைக்க முடியலை, கவனிச்சீங்களா? லூரியாவோட தொடக்கத்தை எடுத்துக்கிட்டார், முடிவை விட்டுட்டார். மேசியா படிப்படியா வர்றவர் இல்ல, ஒவ்வொரு நொடியும் அவர் நுழையக்கூடிய சின்ன வாசல்னு முடிக்கறார். அவரோட நண்பர், கபாலா ஆராய்ச்சியாளர் கெர்ஷோம் ஷோலெமும் மேசியா நம்பிக்கையோட வேரே பேரழிவுதான்னு வாதாடினவர்.

கணக்கன்:
பாதியை விட்டா அது கபாலா இல்ல, பெஞ்சமின். மனுஷன் 1929-ல ஹீப்ரு படிக்க ஆரம்பிச்சு விட்டுட்டார். கபாலாவெல்லாம் பெரும்பாலும் ஷோலெம் சொல்லிக் கேட்டதுதான். அப்புறம் அந்தச் சின்ன வாசல். 1665-ல சப்பதாய் ஸ்விங்கற யூதர் தன்னை மேசியான்னார், ஊர் ஊரா நம்பினாங்க, சொத்தைக்கூட வித்தாங்க. மறுவருஷமே ஆட்டோமான் சுல்தான் முன்னாடி தலைப்பாகை கட்டி முஸ்லிம் ஆயிட்டார். வாசல் திறந்திருந்தா யார் வேணாலும் நுழையலாம்.

செவ்வந்தி:
இப்பதான் அந்த ஓவியத்தைத் தேடிப் பார்த்தேன். சுருட்டி வெச்ச காகிதம் மாதிரி முடி, இடைவெளி விட்ட பல்லு, பறவைக்கால். இடிபாடும் காணோம், புயலும் காணோமே?

கணக்கன்:
லூரியாவுக்குச் செஞ்சதையேதான் க்ளேக்கும் செஞ்சிருக்கார்.