அப்பாவுக்கு அல்புமின் ஏறணும், யாங்கூன் உறவுகள் வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் பண்ணலாம், ஆனா முதல்ல உடம்பைத் தேத்திக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் அனுப்பிட்டார். ரத்தப் பரிசோதனையில அல்புமின் (ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம்) 2.9, லிம்போசைட் (வெள்ளை அணுவுல ஒரு வகை) 1400, சிஆர்பி (அழற்சி இருந்தா ஏறுற புரதம்) 18.

உடம்பு ஆபரேஷனைத் தாங்குமான்னு பார்க்க, ஜப்பான் டாக்டர் ஓனோடெரா 1984-ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. அல்புமினை 10-ஆல பெருக்கி, லிம்போசைட்டை 0.005-ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டணும். அப்பாவுக்கு 29-ம் 7-ம் சேர்ந்து 36. 40-க்குக் கீழே இருந்தா குடலையோ இரைப்பையையோ வெட்டித் தைக்கிறது ஆபத்து. 45-க்கு மேல போனா தைரியமா செய்யலாம். இது பலரை வச்சுப் போட்ட கணக்கு, எங்க அப்பாவோட ஆயுசை எழுதின ஜாதகம் இல்லைன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

பட்டினியால மட்டும் அல்புமின் குறையறதில்லை. உடம்புல அழற்சி இருந்தா கல்லீரல் சிஆர்பியைக் கூட்டி அல்புமினைக் குறைச்சிடும். அதனால முட்டையா ஊட்டினா மட்டும் போதாது. இருந்தாலும் சாப்பாடுதானே நம்ம கையில இருக்கு!

நாலு வாய்க்கு மேல இறங்கல. மொஹிங்காவுல நூடுல்ஸை ஒதுக்கிட்டு மீன் குழம்பை மட்டும் குடிக்கிறார். பருப்புத் தண்ணி இறங்குது. கறி வாசனையே ஆகல.

ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படித் தேத்தினவங்க யாராவது இருக்கீங்களா? என்ன கொடுத்தீங்க, எத்தனை வேளையாப் பிரிச்சீங்க? புற்றுநோய்க்காரங்களைப் பார்க்கிற டயட்டீஷியன், தமிழோ பர்மாவோ பேசறவங்க, தெரிஞ்சா சொல்லுங்க. நம்பகமான புரோட்டீன் பவுடர் எந்தக் கடையில கிடைக்கும்? கரண்ட் அடிக்கடி போறதால பிரிட்ஜை நம்பி எதையும் செஞ்சு வைக்க முடியல.

லேகியம், மூலிகை மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். இன்பாக்ஸ்ல எழுதினாலும் சரி.