வால்பாறை மலைக்கு அம்பாசிடரா, பத்மினியா?

உடுமலை_வண்டி:
1985 மார்க் 4 பெட்ரோல் அம்பாசிடர் ஒண்ணு, 1986 பிரீமியர் பத்மினி ஒண்ணு, ரெண்டும் ஒரே விலைக்கு வருதுங்க. மாசம் ரெண்டு தடவை ஆழியார் வழியா வால்பாறை ஏறணும். நாலு பேரு, டிக்கி நிறையச் சாமான். மத்தபடி கோவை டவுனுக்குத்தான். 1489 சிசிக்கும் 1089 சிசிக்கும் மலையில எவ்வளவு வித்தியாசம் தெரியுமுங்க?

லேத்துப்பட்டறை:
குதிரைத்திறனை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. அம்பாசிடர் சுமார் 50, எடை 1,100 கிலோவுக்குக் குறையாது. பியட் (பத்மினியைத்தான் சொல்றேன்) சுமார் 40, எடை 900 கிலோகிட்ட. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன்னு பார்த்தா ரெண்டும் 45ஐ ஒட்டித்தான் நிக்கும். வித்தியாசமெல்லாம் டார்க்குல, அதாவது இன்ஜினோட சுழற்று விசையில: அம்பாசிடர் சுமார் 10 கிலோகிராம்-மீட்டர், பியட் 7. அதுவும் 300 கிலோ ஏத்தினதுக்கப்புறம்தான் பியட் திணறும். அந்த ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. அம்பாசிடர் ரெண்டாவது கியர்ல திரும்புற இடத்துல பியட் பல தடவை ஃபர்ஸ்ட் கேட்கும். ரெண்டு வண்டியிலயும் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் பல்லுங்க வேகத்தைச் சமப்படுத்தி உரசாம சேர்க்குற அமைப்பு) கிடையாது. ஓடும்போது போடணும்னா டபுள் கிளட்ச் (நியூட்ரல்ல ஒரு தடவை விட்டு, ஆக்சிலரேட்டர் குடுத்து, மறுபடி கிளட்சை மிதிச்சு கியர் போடுறது) பழகணும், இல்லைன்னா பல்லு அரைபடும்.

கோபி_கார்ப்பு:
அதெல்லாம் சரிங்கண்ணா, ஆனா டவுன் பக்கம் பியட்டுதான். நீளம் 3.9 மீட்டர், அம்பாசிடர் 4.3. பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும்.

எதை வாங்கினாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு மாத்த வேண்டியது உண்டு. பழைய ரப்பர் ஹோஸும் ஃபூயல் பம்ப் டயாபிரமும் எத்தனால்ல ஊறி உப்பிப் பிளக்கும். எத்தனால் தாங்குற ஹோஸ் போடுங்க. கலவை மெலிஞ்சுபோறதால (காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாததால) வண்டி சூடேறும், கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிசாப் போட்டு ஸ்பார்க் பிளக்கோட நிறத்தைப் பாருங்க. வெள்ளையா இருந்தா இன்னும் பத்தலை.

லேத்துப்பட்டறை:
சூடுன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கத்து போர் உப்புத்தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தவே ஊத்தாதீங்க, குழாயெல்லாம் காரை அடைச்சுப்போகும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும்.

அம்பாசிடர் வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளி) 0.015 இஞ்ச். ஈயம் கலக்காத பெட்ரோல்ல எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ஞ்சு உள்ள இறங்கும், அப்ப இந்த இடைவெளி தானா குறையும். 1,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா குறைஞ்சுட்டே வந்தா ஹெட்டைக் கழட்டிக் கடினமான சீட் இன்சர்ட் போடணும். கோவை லேத்துல ஆகிற வேலைதான்.

உடுமலை_வண்டி:
இறக்கத்துல பிரேக்குங்க?

கோபி_கார்ப்பு:
ரெண்டுலயும் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். ஏறின கியர்லயே இறங்குங்க. நியூட்ரல்ல விட்டா டிரம் சூடேறிப் பெடல் கடினமாகும், வண்டி நிக்காது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற விஷயம், ஃபுளூயிடு கொதிக்குது. வண்டியை ஓரங்கட்டி ஆற விடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஃபுளூயிடு மாத்திடுங்க.

நாலு பேரோட மலைதான் முக்கியம்னா அம்பாசிடரே எடுங்க. முன்பக்கம் ஒரு சைடு தாழ்ந்திருந்தா பயப்படாதீங்க, ஸ்ப்ரிங் மாதிரி முறுக்கிக் குடுக்குற டார்ஷன் பார் கம்பியை அதோட பல்லு வரிசையில (ஸ்ப்ளைன்) நகர்த்திச் சரிபண்ணலாம். அடித்தளத் தகடு துருப்பிடிச்சிருந்தா மட்டும் விட்டுடுங்க.