ஒய்2கே இரவில் நான் பார்த்த 19100

பழைய மோடம்:
ஃப்ளாப்பியில் தொடங்கி கிளவுட் வரை பார்த்தாயிற்று, ஆனால் இன்னும் உறுத்துவது ஒய்2கே இரவுதான், 1999 முடிந்து 2000 பிறந்த அந்த இரவு. கோபோல் என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய நிரல்கள், ஆண்டை எழுத இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்தன. 2000 வந்தால் 00 என்று இருக்கும், அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். அவற்றைப் பத்து மாதம் திருத்தினோம். எங்கள் சீனியர் பிரிண்ட் அவுட்டை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்குவார், தேதி வரும் இடத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். 50-க்குக் கீழே என்றால் 2000, மேலே என்றால் 1900 என்று பிரிக்கிற அந்தச் சின்னத் துண்டை எத்தனை இடத்தில் ஒட்டினோம் என்று கணக்கே இல்லை. 12 மணி தாண்டியது, எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்து எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தால், மேலே தேதி: 1 ஜனவரி 19100.

அந்தப் பக்கத்தை எழுதியது நான். ஆண்டைக் கேட்டால், 1900-லிருந்து எத்தனை வருடம் என்பதைத்தான் நான் எழுதிய நிரல் மொழி கொடுக்கும். 99 வந்துகொண்டிருந்தது, முன்னால் 19 என்று ஒட்டிவிட்டேன், அடுத்து 100 வரும் என்று தோன்றவே இல்லை. இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டேன். மறுநாள் சீனியரிடம் சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

வட்டுக்காரன்:
நாங்கள் எதையும் திருத்தவில்லை சார், எதுவும் விழவும் இல்லை. என் பழைய பிசி மட்டும் ஜனவரி 1 காலையில் 1980 என்று காட்டியது, கையால் மாற்றினேன், அவ்வளவுதான். ஊரெல்லாம் பயந்தது வீண்.

இரவுப்பணி:
வட்டுக்காரன், 1980 காட்டியதே, அதற்குப் பெயர்தான் விழுவது. உங்கள் பிசியில் வட்டிக் கணக்கு ஓடவில்லை, அதனால் தப்பித்தீர்கள். திருத்தியவர்கள் திருத்தியதால்தான் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது.

என் கதை சின்னது. பழைய கருவி ஒன்றின் கடிகாரத்தை 19 ஜனவரி 2038-க்குத் தள்ளி வைத்துப் பார்த்தேன். உலக நேரம் 03:14:07 தாண்டியதும் 13 டிசம்பர் 1901 என்று வந்து நின்றது, வயிற்றைக் கலக்கிவிட்டது. 1970-லிருந்து நொடிகளை 32 பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணுகிறவர்களுக்கு 2147483647-க்கு மேல் இடம் கிடையாது, அடுத்த நொடியில் எண் கழித்தல் பக்கம் புரண்டு 1970-க்கு முன்னால் போய்விடும். 64 பிட் இயந்திரம் வாங்கியாயிற்று என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தரவுத்தளத்தில் நேரத்தை 4 பைட்டில், அதாவது அதே 32 பிட்டில் எழுதியிருக்கிறீர்களா, கோப்பு வடிவத்தில் எப்படி, பக்கத்துச் சர்வருக்கு அனுப்பும் செய்தியில் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுவருக்குள் வைத்து மறந்துபோன கருவிகளை முதலில் தேடுங்கள், அப்புறம் சோதனை இயந்திரத்தில் தேதியைத் தள்ளி ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். 20 வருடக் கடன் போடுகிற நிரல் என்றால் அதற்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது.

பழைய மோடம்:
வட்டுக்காரன், உங்களோடு சண்டை இல்லை. ஆனால் வீண் என்று சொல்லும்போது எனக்கு அவர் கையும் பென்சிலும்தான் கண்ணில் வருகிறது. ஓய்வு பெற்ற அன்று அந்தத் தாள்கட்டை என்னிடம் கொடுத்தார், இன்னும் வைத்திருக்கிறேன், அவர் பார்த்த பக்கங்களில் டிக் விடுபட்ட ஒரு தேதி கிடையாது. என் இணையப் பக்கம் மட்டும் அதில் இல்லை. பத்து வரிதானே என்று நான் அவரிடம் கொடுக்கவே இல்லை.