கோல்டன் பேரல் கள்ளியில் அடி அழுகல், அமரில்லிஸில் இலை மட்டும்: உதவி தேவை

தேவனாம்பட்டினம் மாடி: கடலூர், மொட்டை மாடி. ஐப்பசி மழை விட்டதும் கோல்டன் பேரலின் அடி பழுப்பாகி, அழுத்தினால் உள்ளே போகுது. மூன் கேக்டஸின் (பச்சைக் கள்ளித் தண்டு மேல் ஒட்டுக் கட்டின சிவப்புக் கள்ளி) பச்சைத் தண்டும் கொழகொழ, மேலே சிவப்பு உருண்டை மட்டும் கெட்டி. இரண்டும் நர்சரி கோகோபீட்டிலேயே (தேங்காய் நார்த்தூள்) இருக்கு. பக்கத்துத் தொட்டியில் அமரில்லிஸ் கிழங்கு, முழுசும் மண்ணுக்குள். வருஷம் முழுக்கத் தண்ணீர், மாதாமாதம் சாண எரு. பூவே இல்லை.

வில்லியனூர் கள்ளி: கோல்டன் பேரலை இன்றைக்கே பிடுங்கி வேரிலுள்ள கோகோபீட்டை உதறிடுங்க. காற்றே ஈரமா இருக்கிற நம்ம கரையோரத்தில் அது நடுவில் காயவே காயாது, அழுகல் அங்கேதான் தொடங்குது. ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அடியிலிருந்து மெல்லிசா சீவிக்கிட்டே போங்க, ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடைக்கணும். நடுவில் தெரியும் வளையத்தில் (தண்ணீர் ஏறும் குழாய்கள்) பழுப்புப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சதை சுத்தமா இருந்தாலும் வளையம் பழுத்திருந்தா அழுகல் மேலே ஏறிக்கிட்டேதான் இருக்கும். நுனிவரை பழுப்பு போயிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. சுத்தமான வெட்டில் கந்தகத் தூள் தடவி, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு வாரம் காய விடுங்க.

மூன் கேக்டஸ் வேற கதை. சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது, வேர் விட்டாலும் பிழைக்காது. வேர் பிடித்த டிராகன் ஃப்ரூட் தண்டைத் தட்டையா வெட்டி, ஓரங்களைச் சாய்வா செதுக்கி, வெட்டு உலரும் முன்னே அடி வெட்டிய சிவப்பு உருண்டையை அதன் மேல் இரண்டு வளையமும் தொடும்படி வைத்து ரப்பர் பேண்ட் போடுங்க. பத்து நாள் நிழல்.

தேவனாம்பட்டினம் மாடி: நன்றி சார். புது மண்ணுக்குக் கடற்கரை மணலைக் கழுவிப் போடலாமா?

வில்லியனூர் கள்ளி: வேண்டாங்க. உப்பு போனாலும் பொடி மணல் இடைவெளியை அடைச்சிடும். செங்கல் துண்டு (3–6 மி.மீ., தூசி சலித்தது) 5 பங்கு, பருமணல் 2, கரித்துண்டு 1, மக்கிய எரு 1. உலர்ந்த கலவையில் வைங்க, வேர் தெரியும்வரை தண்ணீர் காட்டாதீங்க.

லாஸ்பேட்டை கிழங்கு: அமரில்லிஸுக்கு நான் சொல்றேன். கிழங்கில் மேல் மூன்றில் ஒரு பாகம் வெளியே தெரியணும். சாண எருவை நிறுத்துங்க, தழைச்சத்து இலையைத்தான் தள்ளும். மார்கழி பிறந்ததும் தொட்டியை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றி எட்டு வாரம் தண்ணீரே கூடாது. பச்சை இலையை வெட்டாதீங்க. கிழங்கு நாலு இலைக்கு ஒரு மொட்டு உள்ளே கட்டும், அதுக்குச் சோறு இலையிலிருந்துதான் போகுது. மாசி பிறந்ததும் ஒருமுறை நிறைய ஊற்றுங்க, பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். பூ முடிந்ததும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்), லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

புது இலை வரும்போது அடிப்பக்கத்தைப் பாருங்க. கறுப்பில் வெள்ளைப் புள்ளிப் புழு கூட்டமா இறங்கினா இலையை மொட்டையாக்கிட்டுக் கிழங்குக்குள்ளேயும் துளைக்கும். முட்டைக் குவியலாவே துடைச்சிட்டா மருந்தே தேவைப்படாது.