ஈஸ்ட்டுக்குப் பால் எந்தச் சூட்டில்? அனுபவம் சொல்லுங்க

உறைமோர்:
பால் பன். 250 மில்லி பால், 7 கிராம் ட்ரை ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. பொங்கி இறக்கி ஐந்தே நிமிஷத்தில் ஈஸ்ட்டைத் தூவி மூடியாச்சு. கால் மணி கழிச்சுத் திறந்தா பால்மேல ஆடை, ஆடைமேல ஈஸ்ட் மணிமணியா, போட்டது போட்டபடி. லேசா கள்ளு வாடை வரணுமே, அதுவும் இல்ல. அதே டப்பா ஈஸ்ட்டை, தயிருக்கு உறை ஊத்துற சூட்டுக்கு ஆறவிட்ட பாலில் போட்டா எட்டு நிமிஷத்தில் நுரை தொப்பி மாதிரி எழும்புச்சு. டப்பாவைக் குறை சொல்லுமுன்ன பாலைப் பாருங்க.

மைதாக்கை:
உறை ஊத்துற சூடுன்னு சொல்றதுதான் சிக்கலே. மார்கழியில் ஊத்துற சூடு வேற, சித்திரையில் வேற. தினம் அடுப்படியில் நிக்கிற விரலுக்கு 50 டிகிரியும் வெதுவெதுப்புதான். ட்ரை ஈஸ்ட்டுக்கு 38 முதல் 43 வரை. 60-ஐ நெருங்கினா செத்துடும். விரலை நம்பாதீங்க, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விடுங்க. சுடவும் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தா பாலைக் கலக்கிட்டு நடுவில் பிடிங்க. முனை அடியில் பட்டா பாத்திரத்தோட சூட்டைத்தான் காட்டும்.

அரைலிட்டர்:
ஆறுமா ஆறுமான்னு எதுக்குக் காத்திருக்கணும்? கொதிக்கிற பால் 90 மில்லி, ஃப்ரிட்ஜ் பால் 160 மில்லி, கலந்தா ஏறக்குறைய 39 டிகிரி. கனமான பாத்திரம் கொஞ்சம் சூட்டைக் குடிச்சிடும், அதனால லேசான கிண்ணத்தில் கலக்கறது நல்லது. மைக்ரோவேவ்னா ஒரு நிமிஷம் வச்சு நல்லாக் கலக்கிட்டு, அப்புறம் பத்துப் பத்து வினாடியா ஏத்துங்க. கலக்காம ஈஸ்ட் போட்டா மேல் பக்கம் கொதி, அடியில் பச்சைத் தண்ணி. பாதி ஈஸ்ட் வேலை செய்யும், பாதி செய்யாது.

வினிகர்மூடி:
ஈஸ்ட் இல்ல, முட்டையில்லாத கேக். ஒரு கப் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டா மோர் பதத்துக்குக் கெட்டியாகணும். பால் சூடா இருந்தா? கண்ணெதிரே பனீர். பச்சைத் தண்ணி ஒரு பக்கம், திரி ஒரு பக்கம். வடிகட்டி ஊத்தி ஒப்பேத்தலாம்னு நினைக்காதீங்க, கேக்ல ரப்பர் துணுக்கு துணுக்கா வரும். இதுக்குப் பாலைச் சூடு பண்ணவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அரை மணி வெளியே வச்சாப் போதும். பாட்டில் ஜில்லோட நேரா ஊத்தினாலும் வம்பு, அடிச்சு வச்ச வெண்ணெய் திரண்டு மாவு திரிஞ்ச மாதிரி ஆயிடும்.

நிழல்மேசை:
மைதாக்கை சொன்ன 38-43 ஈஸ்ட் கரைக்க மட்டும்தான். மொத்தப் பாலையும் அந்தச் சூட்டில் ஊத்தறதுதான் நம்ம ஊரில் நடக்கிற தப்பு. பிசைஞ்ச மாவு 26 டிகிரியில் நிக்கணும். கணக்கு: 26-ஐ மூணால் பெருக்கு, 78. அதில் மைதாவோட சூடு, அறையோட சூடு, பிசையறதில் ஏறுற சூடு மூணையும் கழி. சென்னை மே மாசத்தில் மைதா 33, அறை 33, கையால பிசைஞ்சா 3. மிச்சம் 9, அதுதான் பால் இருக்க வேண்டிய சூடு. அதாவது ஃப்ரிட்ஜ் பால்! 40 டிகிரியில் ஊத்தினா மாவு 35-ஐத் தாண்டி, வெண்ணெய் உருகிக் கையில் வழியும். முக்கால் மணிக்குள்ள உப்பிப் புளிக்கும், பன் உள்ள பெரிய பெரிய ஓட்டை. இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டா? மாவோட கலந்துட்டு அப்புறம் ஜில் பாலை ஊத்துங்க, ஜில் பால் நேரா அதன்மேல படக் கூடாது. ட்ரை ஈஸ்ட்டா? 50 மில்லி தண்ணியை 40-க்குச் சூடாக்கி அதில் கரைச்சுக்கிட்டு, மிச்சம் 200 மில்லி மட்டும் ஜில் பால். பாலில் கரைச்சா கொழுப்புப் படிஞ்சு கட்டி கட்டியா மிதக்கலாம், தண்ணியில் சட்டுனு கரையும். ஊட்டி, கொடைக்கானல்காரங்க இதைப் படிச்சுட்டுச் செஞ்சுடாதீங்க, அங்க அறையே 15-ல் இருக்கும். அங்க வெதுவெதுப்புப் பால்தான் சரி.

உறைமோர்:
ஜில் பால்னா பாக்கெட்டை வெட்டி அப்படியே ஊத்தலாமா?

நிழல்மேசை:
வேண்டாம். காய்ச்சி ஆறவச்சு ஃப்ரிட்ஜில் வச்ச பால். பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 வினாடிதான் சூடாக்கியிருப்பாங்க. பால் தெளிவில் (பால் திரிஞ்சா பிரியுற தண்ணி) இருக்கிற புரதம் அதுக்கு அடங்காது, மைதாவோட இழுவையைக் கெடுத்து மாவைத் தளர விட்டுடும். பொங்கின பாலில் அந்தத் தொல்லை குறைவு. நம்ம வீட்டில் காலையில் பால் காய்ச்சுற பழக்கமே இந்த வேலையை முடிச்சிடுது. அளவை மட்டும் காய்ச்சின பிறகு பாருங்க. ஆவியும் ஆடையும் போகும்ல, 250 வேணும்னா 280 வச்சுக் காய்ச்சுங்க.

மைதாக்கை:
ஆடையை எடுத்துடணுமா?

நிழல்மேசை:
பன்னில் போட்டா வெள்ளைத் திரியாத் தெரியும். எடுத்துத் தின்னுடுங்க.