கடைசி இடத்திலிருந்து ஸ்டான்லி கோப்பைக்கு

கேள்வி (கீழக்கரை):
மீன்பெட்டிக்கு உடைத்துப் போடும் ஐஸைத் தவிர வேறு பனி அறியாத ஊர் எங்களுடையது. கப்பல் பணியிலிருந்து திரும்பிய என் மச்சான், செயின்ட் லூயிஸ் புளூஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணி 2019 ஜனவரித் தொடக்கத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் 31 அணிகளில் கடைசியாக இருந்து, அதே ஆண்டு அந்த லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றதாகச் சொல்கிறார். இது எவ்வாறு இயன்றது?

பதில் (தொண்டி):
உண்மைதான். 2018 நவம்பரில் பயிற்சியாளர் மைக் இயோ நீக்கப்பட்டு, கிரெய்க் பெரூபி பொறுப்பேற்றார். ஆயினும் உண்மையான திருப்பம், ஜனவரி 7 அன்று முதன்முறையாகத் தொடக்கக் கோல்காப்பாளராக இறங்கிய ஜோர்டன் பின்னிங்டன், பிலடெல்பியா அணியை ஒரு கோலும் அடிக்கவிடாமல் தடுத்ததே என்பேன். பிறகு தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்றனர்.

பதில் (மண்டபம்):
அவரை மட்டும் புகழ்வது முறையன்று; பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச்) சுற்றின் சிறந்த வீரர் விருது ரயன் ஓரைலிக்கே கிடைத்தது. இறுதித் தொடரின் 7ஆவது ஆட்டத்தில் பாஸ்டனை அதன் சொந்த அரங்கிலேயே 4–1 என வீழ்த்தினர். 1967 முதல் ஆடிவரும் அணிக்கு அதுவே முதல் கோப்பை.